பக்கத்து நாற்காலி: இணையவழித் தன்னார்வலர்களைச் சேர்க்கும் தொண்டு நிறுவன நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன். தொலைபேசித் துறையில் 1984இல் ஆபரேட்டராகச் சேர்ந்து, பிஎஸ்என்எல்லில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தபோது 2020 ஜனவரி 31 அன்று வெளியே வந்தவள். நாடு முழுவதும் அன்று ஒரே நாளில் 70,000 பேருக்கு மேல் வீட்டுக்குப் போனோம். இரண்டு மாதத்தில் ஊரடங்கு வந்தது. சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாததால் இணையவழித் தன்னார்வலராகப் பதிந்துகொண்டேன். அதிலிருந்து இன்றுவரை மூன்று நிறுவனங்களுக்கு வீட்டிலிருந்தபடி வேலை செய்திருக்கிறேன்: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு, பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல் ஒலிப்பதிவு, 2021 இரண்டாம் அலையில் மருத்துவமனையில் பெட் தேடிக் கொடுக்கும் குழு. மூன்றின் பெயரையும் எழுதப் போவதில்லை. நடந்த தவறுகளில் என் பங்கும் உண்டு. தவிர, உங்களில் பலரிடமும் நிலைமை ஏறக்குறைய இதுதான் என்று மற்ற தன்னார்வலர்களிடம் பேசியதில் தெரிகிறது.

முதல் நிறுவனத்தின் அறிமுகக் கூட்டம் ஒரு சனிக்கிழமை மாலை ஸூமில் நடந்தது. ஐம்பது நிமிடம். நிறுவனர் நான்கு பிள்ளைகளோடு எப்படித் தொடங்கினார், யார் யார் கையால் விருது வாங்கினார், இப்போது எத்தனை மாவட்டங்களில் இருக்கிறோம். கடைசி ஐந்து நிமிடத்தில் "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றார்கள். யாருக்கும் இல்லை. வேலையே தெரியாதபோது சந்தேகம் எங்கிருந்து வரும்? அப்புறம் 23 பக்கத்துக்கு ஒரு பிடிஎஃப், ஆங்கிலத்தில். கடைசியில் ஒரு கட்டம். அதில் டிக் போட்டால்தான் பதிவு முடியும். போட்டேன். படிக்கவில்லை. என்னோடு சேர்ந்த பதினான்கு பேரில் ஒருவர்கூடப் படித்திருக்க மாட்டார் என்று பந்தயம் கட்டுவேன். நான் அதைப் படித்தது பல மாதம் கழித்து, ஒரு தவறு செய்த இரவில். அதில் பாதி, நிறுவனத்தின் லோகோவை எங்கே எந்த நிறத்தில் போடலாம் என்பது பற்றி.

இதோடு ஒப்பிட என்னிடம் இருப்பது, வெளியூர் அழைப்புகளைக் கையால் இணைத்துக் கொடுத்த டிரங்க் எக்ஸ்சேஞ்ச் அனுபவம்தான். அங்கேயும் வகுப்பு எடுத்தார்கள், பரீட்சை வைத்தார்கள், அது இருக்கட்டும். வேலையைக் கற்றுக்கொண்டது போர்டு முன்னால்தான். ஒரு மூத்த ஆபரேட்டர் அக்கா பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்து, "கேளு, வாயைத் திறக்காதே" என்பார். லைட்னிங் கால், அதாவது மிக அவசர அழைப்பு, கேட்பவரின் குரலை வைத்தே அது சாவுச் செய்தி என்று கண்டுபிடிப்பது, குறிப்பிட்ட ஒருவரோடுதான் பேச வேண்டும் என்று கேட்கும் பி.பி. காலில் அடுத்த தெருவிலிருந்து ஆளைக் கூட்டி வரும்வரை மறுமுனையில் இருப்பவரைப் பேசிப் பிடித்து வைப்பது, குடித்துவிட்டுத் திட்டுகிறவரிடம் எவ்வளவு கேட்டுவிட்டு இணைப்பை எடுக்கலாம் என்பது, எல்லாமே அந்த நாற்காலியில் கற்றது. தடுமாறினால் திரும்பிப் பார்த்தால் போதும், சூப்பர்வைசர் நிற்பார். காதில் விழுந்த பேச்சை வெளியே சொன்னால் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டப்படி மூன்றாண்டு வரை சிறை என்று முதல் நாளே பயமுறுத்தி வைத்திருந்தார்கள். எனக்கு அது மனதில் பதிந்தது வேறு விதமாக. ஒரு நாள் சாப்பாட்டு அறையில் ஒருத்தி, யாரோ ஒரு வியாபாரியின் வீட்டுச் சண்டையைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். அந்த அக்கா ஒன்றும் பேசாமல் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போனார். அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

வீட்டுக் கூடத்தில் மடிக்கணினியைத் திறந்து உட்காரும் தன்னார்வலருக்கு அந்த அக்கா கிடையாது, சூப்பர்வைசர் கிடையாது, சாப்பாட்டு அறையும் கிடையாது. அலுவலகத்தில் பார்த்துப் பார்த்தே பழகிவிடுகிற எதையும் இங்கே யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. உங்கள் அறிமுகக் கூட்டத்தை இந்த ஒன்றை மனதில் வைத்து மாற்றி அமைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

தவறு செய்த இரவு என்றேனே, அதைச் சொல்கிறேன். மணி ஒன்பதே முக்கால். இயற்கணித வகுப்பு முடிந்து எல்லாப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் வெளியேறவில்லை. கேமராவை அணைத்துவிட்டு சாட்டில் எழுதினாள்: "மிஸ் ஒண்ணு சொல்லணும். யார்ட்டயும் சொல்ல மாட்டீங்கள்ல?" நான் யோசிக்காமல், "சொல்ல மாட்டேன்டா, சொல்லு" என்று எழுதிவிட்டேன். அவள் சொன்னது வீட்டுக்கு அடிக்கடி வரும் உறவினர் ஒருவரைப் பற்றி. அதற்குமேல் இங்கே எழுதக் கூடாது. அது அவளுடைய விஷயம்.

ஒருங்கிணைப்பாளர் தம்பியைக் கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். அவரைக் குறை சொல்லவில்லை, இருபத்தைந்து வயதுப் பையன், நாற்பது தன்னார்வலர்களைத் தனியாகச் சமாளிக்கிறார், இரவு பத்து மணிக்குத் தூங்க வேண்டாமா? பிடிஎஃப்பைத் திறந்து குழந்தை என்ற சொல்லைத் தேடினேன். வகுப்பின்போது நம் முதுகுக்குப் பின்னால் தெரியும் சுவர் குழந்தைகளுக்குப் பிடித்த மாதிரி இருக்க வேண்டும் என்ற இடத்தில் அது வந்தது. அப்புறம் எப்படியோ குழந்தைகளுக்கான உதவி எண் 1098 நினைவுக்கு வந்து, அதைக் கூப்பிட்டு, அவர்கள் சொன்னபடி செய்தேன்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவை இவை. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, ஒரு குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, எவராக இருந்தாலும் சிறப்புச் சிறார் காவல் பிரிவிலோ உள்ளூர்க் காவல் நிலையத்திலோ தெரிவித்தாக வேண்டும். தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே 21ஆம் பிரிவுப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. நான் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு, சட்டப்படியே நான் காப்பாற்ற முடியாத வாக்கு. "சொல்லும்மா, ஆனா உன்னைப் பாதுகாக்க வேண்டியிருந்தா, உதவக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்ல வேண்டியிருக்கும்" என்றுதான் தொடங்கியிருக்க வேண்டும். குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது, அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வைக்க வேண்டும், வீட்டுக்கு ஃபோன் போட்டு "என்ன நடக்குது அங்கே?" என்று கேட்டுவிடக் கூடாது. பத்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய விஷயங்கள். விருதுக் கதையில் பத்து நிமிடத்தைக் குறைத்திருக்கலாம்.

உங்களில் சிலருடைய விதிமுறையில் "எந்தப் பிரச்சினையானாலும் முதலில் நிறுவனத்துக்கே தெரிவிக்க வேண்டும், வெளியாருக்குத் தெரிவிக்கக் கூடாது" என்று ஒரு வரி இருக்கிறது. பத்திரிகைக்காரர்களை மனதில் வைத்து எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வரியை அப்படியே படிக்கும் பயந்த சுபாவமுள்ள கல்லூரி மாணவி என்ன செய்வாள் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கே அதைத் திருத்துங்கள். முழுக் கொள்கையும் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் இருக்கட்டும். அதற்கு முன்னால் தமிழில் ஒரே ஒரு பக்கம் வேண்டும், சுவரில் ஒட்டி வைக்கிற மாதிரி. ஒரு குழந்தை இப்படிச் சொன்னால் என்ன செய்வது, உயிரை மாய்த்துக்கொள்வதாக ஒருவர் எழுதினால் என்ன செய்வது, இரவில் யாரைக் கூப்பிடுவது. 1098ஐயும், மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416ஐயும் பெரிய எழுத்தில் போடுங்கள். உங்கள் நிறுவனத்தில் இரவில் ஃபோன் எடுக்க ஒருவரை முறைவைத்து நியமிக்க முடியாது என்றால், இரவு வகுப்பே வைக்காதீர்கள்.

அடுத்தது தகவல். 2021 மே மாதம் நாங்கள் வைத்திருந்த கூகுள் ஷீட்டில் நோயாளியின் பெயர், வயது, ஆக்ஸிஜன் அளவு, வீட்டு முகவரி, கூட இருப்பவரின் எண் எல்லாம் இருந்தன. சுட்டி கிடைத்த யாரும் திறக்கலாம். அந்த நேரத்தில் அதைத் தவிர வேறு எதுவும் செய்திருக்க முடியுமா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை, மூச்சுத் திணறுகிறவருக்கு முன்னால் ஒப்புதல் படிவத்தை நீட்ட முடியாது. ஆனால் ஜூலையில் அலை அடங்கிய பிறகும் அந்த ஷீட் அப்படியே கிடந்தது. அதில் எண் இருந்த ஒரு பெண்மணி அக்டோபரில் என்னை அழைத்தார். அவருடைய கணவர் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. யாரோ ஒருவன் தினமும் கூப்பிட்டு, நிவாரணப் பணம் வாங்கித் தருகிறேன், வங்கி விவரம் கொடுங்கள் என்று தொல்லை செய்கிறானாம். "உங்ககிட்ட குடுத்த நம்பர்தாம்மா, வேற யார்கிட்டயும் குடுக்கலை" என்றார். பதில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்தக் குழுவில் நாங்களாகவே போட்டுக்கொண்ட ஒரே ஒரு நல்ல விதி, பெட் காலியாக இருக்கிறது என்று எழுதும்போது எத்தனை மணிக்குப் பேசி உறுதி செய்தோம் என்பதையும் எழுத வேண்டும் என்பது. ஷீட்டை எப்போது அழிப்பது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

இப்போது சட்டமே வந்துவிட்டது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறி, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும். 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். உங்கள் வழக்கறிஞர் இதற்கு ஒரு படிவம் தயாரித்துவிடுவார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தன்னார்வலருக்கு அது வேறு மொழியில் தேவைப்படுகிறது. வகுப்பின் ஸ்கிரீன்ஷாட்டைப் பிள்ளைகள் முகத்தோடு ஸ்டேட்டஸில் வைக்காதே. மாணவனின் எண்ணை உன் ஃபோனில் "ராமநாதபுரம் ஏழைப் பையன்" என்று சேமித்து வைக்காதே (பார்த்திருக்கிறேன்). பிள்ளை எழுதிய கடிதத்தை ஆங்கிலத்தைத் திருத்துகிறேன் என்று ஏஐ செயலியில் அப்படியே ஒட்டாதே. வேலை முடிந்ததும் எதை அழிக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் அழிக்க வேண்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதிவைத்திருக்கும் நிறுவனத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

தன்னார்வலருக்கும் எண் என்று ஒன்று இருக்கிறது. 180 பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் சேர்த்த கணமே எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. என்னோடு ஒலிப்பதிவு செய்த ஓர் இளம்பெண் அப்படித்தான் இன்னொரு தன்னார்வலரின் நள்ளிரவுச் செய்திகளால் வேலையை விட்டே போனாள். காரணம் கேட்டதற்கு, "நாம சம்பளம் வாங்குறவங்க இல்லையேம்மா, யார்கிட்டப் போய் புகார் குடுக்கிறது" என்றாள். அவளுக்கு மட்டுமில்லை, அவளைச் சேர்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை: பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியமில்லாமல் தன்னார்வமாக வேலை செய்பவரையும் பணியாளர் என்றே கணக்கில் எடுக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். குழுவில் யார் யார், எப்படி எழுதுவது என்பதை முதல் நாளே சொல்லுங்கள்.

பாடநூல் ஒலிப்பதிவைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வரும். சமூக அறிவியல் புத்தகத்தில் பதினோரு பாடங்களை வாசித்து அனுப்பினேன். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்க. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் விழுந்த இடங்களையெல்லாம் திரும்பப் பதிந்தேன். இரண்டு மாதம் கழித்து அத்தனையும் பயன்படாது என்றார்கள். பக்க எண்ணைச் சொல்லவில்லை, அட்டவணையை எந்த வரிசையில் படிக்கிறேன் என்று சொல்லவில்லை, வரைபடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். "பக்கம் 42ஐ எடுங்கள்" என்று ஆசிரியர் சொன்னால் என் ஒலிப்பதிவை வைத்திருக்கும் பிள்ளை என்ன செய்யும்? எனக்கு அது தோன்றவே இல்லை. கட்டபொம்மன் வசனத்தை வேறு நாடகப் பாணியில் வாசித்து வைத்திருந்தேன். முதல் இரண்டு பக்கத்தைப் பதிந்து அனுப்பு, பார்வையற்ற ஒருவர் கேட்டுப் பார்த்துச் சொன்ன பிறகு மேலே போ என்றிருந்தால் எனக்கு அறுபது மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

அதே வேலையில் ஓர் இளைஞர் தான் வாசித்த நாவலைப் பெருமையாக யூட்யூபில் ஏற்றிவிட்டார். பதிப்பகத்திலிருந்து கடிதம் வந்தது. அவர் மீது எனக்குக் கோபமில்லை, இது எந்தச் சட்டத்தின் நிழலில் நடக்கும் வேலை என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம்தான் மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூல்களை மாற்ற லாப நோக்கற்ற அமைப்புகளுக்கு வழிவிட்டது. ஆனால் அந்தப் பிரதி அவர்களுக்கு மட்டுமே போய்ச் சேருகிறதா என்று பார்த்துக்கொள்வது அமைப்பின் பொறுப்பு. 2013இல் மராக்கேஷில் இதற்காக ஓர் உலக உடன்படிக்கை கையெழுத்தானது. அதை முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல். இதை அறிமுகக் கூட்டத்தில் சொன்னால் யாருக்கும் தூக்கம் வராது. நாம் ஏன் இதைச் செய்கிறோம், ஏன் பொதுவில் ஏற்றக் கூடாது, இரண்டும் ஒரே மூச்சில் விளங்கிவிடும்.

பக்கத்து நாற்காலி இணையத்தில் சாத்தியமே இல்லை என்று நீங்கள் சொல்லலாம். தமிழ் விக்கிப்பீடியாவைப் பாருங்கள். 2003இலிருந்து முழுக்கத் தன்னார்வலர்களால் நடக்கிறது. புதிதாக வருபவர் எழுதிப் பழக அங்கே மணல்தொட்டி இருக்கிறது, என்ன கிறுக்கினாலும் யாரும் திட்ட மாட்டார்கள். சந்தேகம் கேட்க ஒத்தாசைப் பக்கம். பொதுப்பேச்சுக்கு ஆலமரத்தடி. பெயரிலேயே வேலை விளங்குகிறது. நூல்களைத் தட்டச்சு வடிவில் சேர்த்து வைக்கும் அதன் சகோதரத் தளமான விக்கிமூலத்தில் ஒரு நூலின் பக்கத்தை ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் அது மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால்தான் பச்சையாகும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க மென்பொருள் விடாது. என் பதினோரு பாடங்களுக்கு அப்படி ஒரு மஞ்சள் இருந்திருந்தால்! புதியவர் கேட்கும் கேள்வியும் பழையவர் சொல்லும் பதிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி ஓர் இடம் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இப்போது உங்கள் ஒருங்கிணைப்பாளர் ஒரே பதிலை நாற்பது பேருக்குத் தனித்தனியாகத் தட்டிக்கொண்டிருக்கிறார்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுங்கள். மாணவனின் அப்பா ஃபோன் செய்து தேர்வுக் கட்டணத்துக்கு இரண்டாயிரம் கேட்டால் ஜிபேயில் அனுப்பலாமா? நான் அனுப்பினேன். அடுத்த மாதம் வேறு இரண்டு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது, மூன்றாவது மாதம் ஒரு பையன் வகுப்புக்கு வரக் கூச்சப்பட்டு நின்றுவிட்டான். கூடாது என்று ஒரு விதி இருந்திருந்தால், அதைக் காட்டி மரியாதையாக மறுத்து, உங்களிடம் அனுப்பி வைத்திருப்பேன். விதி சில சமயம் தன்னார்வலருக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடமும்கூட.

அப்புறம் நேரம், விடைபெறுதல். ஐநாவின் இணையவழித் தன்னார்வலர் சேவையில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் உச்சவரம்பு. நம் ஊரில் "முடிந்தபோது செய்யுங்கள்" என்பார்கள், கேட்க இனிமையாக இருக்கும். முதல் மாதம் இரவு பகல் பாராமல் செய்துவிட்டு மூன்றாவது மாதம் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறவர்களை உண்டாக்குவது அந்த வாக்கியம்தான். போகிறவரைத் தப்பு சொல்வதில் அர்த்தமில்லை, எப்படி விலகுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. மறுமுனையில் ஒரு பிள்ளை அம்மாவின் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு ஏழு மணிக்குக் காத்திருக்கிறது. வாரம் மூன்று மணி நேரம், நான்கு மாதம், விலகுவதானால் இரண்டு வாரம் முன்பே சொல்லி, கடைசி வகுப்பில் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டால் போதும். கையெழுத்துகூட வேண்டாம்.

இவ்வளவும் கேட்கிறவள் தன் பங்குக்கு என்ன செய்வாள் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு இப்போது செவ்வாய், வியாழன் மாலை ஏழு மணிக்கு வகுப்பு. உங்களிடம் புதிதாகச் சேரும் ஒருவரை, நீங்கள் விசாரித்து உறுதி செய்த ஒருவரை, நான்கு வகுப்புகளுக்கு என் பக்கத்தில் உட்கார அனுப்புங்கள். அவர் பேச வேண்டாம், கேட்டால் போதும். வகுப்பு முடிந்து கால் மணி நேரம் நாங்கள் இருவரும் பேசிக்கொள்கிறோம். பிள்ளைகளுக்குத் தெரியாமல் யாரையும் உள்ளே விட மாட்டேன் என்பதால் போன வாரமே அவர்களிடம் கேட்டுவிட்டேன். கேமராவை ஆன் செய்து வைத்தால் வரட்டும் என்றார்கள். வருகிறவருக்கும் அதைச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிரங்க் ஆபரேட்டர், இன்னும் தன்னார்வலர்,
மதுரை